எண்ணெய் ஊரும் மழைக்காடும்
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"பசங்க போய்ப் பார்க்கிற மாதிரி ஏதாவது ஒரு ஊரைப் பற்றிப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணாச்சி சொன்னார். ஊட்டி, கொடைக்கானலை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லப்போவது அசாமின் கிழக்குக் கோடியில், தின்சுகியா மாவட்டத்தில் உள்ள டிக்பாய். அசாமின் எண்ணெய் நகரம் என்பார்கள்.

நமக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். தீக்குச்சியை மருந்தில் முக்குவதற்கு முன் மெழுகில் நனைக்கிறோமே, அந்த மெழுகு கச்சா எண்ணெயிலிருந்து வருவது. டிக்பாய் ஆலை பாரஃபின் மெழுகுக்குப் பேர் போனது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா வரை போனார்கள். நாம் இன்னும் கொஞ்சம் கிழக்கே போகிறோம், அவ்வளவுதான்.

அசாம் ரயில்வேஸ் அண்ட் டிரேடிங் கம்பெனி 1889இல் இங்கே முதல் கிணறு தோண்ட ஆரம்பித்து, மறு வருஷம் 662 அடி ஆழத்தில் முடித்தது. 1901இல் சுத்திகரிப்பு ஆலை வந்தது. உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய ஆலைகளில் அது ஒன்று. 1981 முதல் இந்தியன் ஆயில் வசம் இருக்கிறது. யானையின் காலில் எண்ணெய் ஒட்டியிருப்பதைப் பார்த்த வெள்ளைக்கார இன்ஜினீயர் "டிக், பாய், டிக்", அதாவது "தோண்டுடா தம்பி" என்று கத்தினாராம். அதுவே ஊர்ப் பேர் ஆச்சாம். கதையை நம்புவது உங்கள் இஷ்டம். முதல் கிணற்றை அங்குள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டமும் இங்கே உண்டு. பர்மா வழியாகச் சீனாவுக்குப் போட்ட ஸ்டில்வெல் ரோடு, பக்கத்து லெடோவில்தான் தொடங்குகிறது.

எண்ணெய் வேலைக்கும் தேயிலை வேலைக்கும் பல திசையிலிருந்து ஆட்கள் வந்ததால் கடைத்தெருவில் அசாமி, வங்காளி, இந்தி, நேபாளி எல்லாம் காதில் விழும். 1939இல் இத்தனை மொழிக்காரத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய வேலைநிறுத்தம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சுற்று வட்டாரத்தில் சிங்போ மக்கள் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் தோட்டம் போடும் முன்பே தேயிலையைத் தெரிந்தவர்கள். இலையை மூங்கில் குழாயில் திணித்து, அடுப்புக்கு மேல் புகையில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். பால் கிடையாது, புகை வாசனை தூக்கலாக இருக்கும். கட்டாயம் குடித்துப் பாருங்கள். நாகர்காட்டியா பக்கம் நாம்பாக்கே கிராமத்தில் தாய் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசும் பௌத்தர்கள் வாழ்கிறார்கள்.

ஊரை ஒட்டியே மழைக்காடு. திஹிங் பட்காய் காடு 2021இல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 230 சதுர கிலோமீட்டருக்கு மேல். வானம் தொடுகிற ஹோலோங் மரம், யானை, படைச்சிறுத்தை எல்லாம் உண்டு. இந்தியாவின் வாலில்லாக் குரங்கான ஹூலாக் கிப்பன் காலையில் ஜோடியாகக் கூவுவதைக் கேட்கவே போகலாம். அதே 2021இல்தான் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை, புலிகள் காப்பகம் ஆனது. இரண்டு இடத்திலும் தொழிலும் காடும் அக்கம்பக்கம்.

அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அதே மாவட்டத்தில், திப்ரு–சைகோவா தேசியப் பூங்கா அருகே பாக்ஜான் கிராமம். 2020 மே 27 அன்று அங்கே ஆயில் இந்தியாவின் வாயுக் கிணறு ஒன்று கட்டுமீறிப் பீறிட்டது. ஜூன் 9இல் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர் இருவர் இறந்தனர். ஆயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு முகாமுக்குப் போனார்கள். பக்கத்து நீர்நிலை பாழானது. முழுசாக அடக்க நவம்பர் 15 ஆயிற்று.

2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை மறக்காத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனி, பெரிய கருவி, படித்த இன்ஜினீயர்கள் இருந்தாலும் நெருப்பு தயவு காட்டாது. ஒரு அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்துதான் என்ற விதியை "ஆர்டர் அவசரம்" என்று தள்ளி வைக்கிற இடத்தில், நாளைக்கு நீங்கள் சூப்பர்வைசராகவோ மேனேஜராகவோ நிற்பீர்கள். "முடியாது சார்" என்று அன்றைக்குச் சொல்லத் தெரிய வேண்டும். தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

போகும் வழி: கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸில் கோவை, ஈரோடு அல்லது சேலத்தில் ஏறினால் மூன்று நாள் பயணம், நியூ தின்சுகியாவில் இறங்கலாம். விமானம் என்றால் திப்ருகர். நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல பருவம். மற்ற மாதங்களில் மழையும் அட்டையும் அதிகம். காட்டுக்குள் வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் வேண்டும். அப்படியே அருணாச்சலத்தின் நம்தபா தேசியப் பூங்காவும் போவதானால், முன்கூட்டியே இன்னர் லைன் பெர்மிட் வாங்கிவிடுங்கள்.