கதவா? திரையா?

(படிப்பகம் ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

'வல்லரசுகளின் சொற்கள்' என்பது எனக்குத் தரப்பட்டுள்ள தலைப்பு. கல்லூரிப் படிப்பை நடுவழியில் விட்டவனை அழைத்து ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசச் சொல்கிறார்களே என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெறாதவன்தான் நான். ஆனால் படிப்பகத்தை விட்டு அகலாதவன். ஆங்கில ஏட்டை ஒரு கையிலும் அகராதியை மறு கையிலும் ஏந்திப் படித்தவன். உலகச் செய்தி என்று வரும்போது அந்த அகராதி நம்மைப் பாதி வழியில் கைவிட்டுவிடும் என்பதைக் கண்டவன். அந்தத் துணிவிலேதான் பேசுகிறேன்.

அகராதி ஏன் கைவிடுகிறது? 'ஃபிராங்க்' என்றால் 'ஒளிவுமறைவற்ற' என்று அது பொருள் கூறும். இரண்டு வல்லரசுகளின் அமைச்சர்கள் சந்தித்து, 'ஃபிராங்க்'காகப் பேசினோம் என்று கூட்டறிக்கை வெளியிட்டால், மனம் திறந்து பேசினார்கள் போலும் என்று நாம் மகிழ்கிறோம். தூதர் உலகிலோ அதன் பொருள் வேறு: கருத்துகள் மோதின, கடுமொழி எழுந்தது, உடன்பாடு உண்டாகவில்லை! 'கலந்தாலோசனைக்காகத் தூதர் திரும்ப அழைக்கப்பட்டார்' என்றால் அங்கே ஆலோசனையை விடச் சினமே மிகுதி. 'எல்லா வழிகளும் மேசைமீது உள்ளன' என்று ஒரு குடியரசுத் தலைவர் சொன்னால், மேசைமீது இருப்பது காகிதம் அல்ல தோழர்களே, கைத்துப்பாக்கி! 'சாங்ஷன்' என்ற சொல்லையே பாருங்கள். வீடு கட்ட நகராட்சி தந்தால் அது இசைவு. ஒரு நாட்டின்மீது வல்லரசு விதித்தால் அது தடை. ஒரே சொல், ஓரிடத்தில் வாழ்வு, மற்றோரிடத்தில் தாழ்வு!

இந்தக் கலை நமக்குப் புதிதல்ல. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையை அறிவீர்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசி, பீலி சூட்டி, காவல் மிக்க அரண்மனையில் அழகாக இருக்கின்றன என்றார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். செவிக்கு அது புகழ்ச்சி. சிந்தைக்கு அது எச்சரிக்கை. உன் வேல் போரைக் கண்டதில்லை, அவன் வேல் போரிலேயே தேய்ந்தது என்பதல்லவா உட்பொருள்!

நாடகம் எழுதுகிறவன் நான். மேடையிலே கதவுக்கும் திரைக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும். கதவு திறந்தால், சிக்கிக்கொண்ட பாத்திரம் வெளியேறலாம். திரை விழுந்தால், அதன் பின்னே நடப்பது அவையோருக்குத் தெரியாது. 1946 மார்ச் 5ஆம் நாள் ஃபுல்டன் நகரிலே சர்ச்சில் முழங்கினாரே 'இரும்புத் திரை' என்று, அந்தச் சொல்லே நாடக அரங்கிலிருந்து போனதுதான். மேடையில் தீப்பற்றினால் அவையோரைக் காக்க இறக்கப்படும் திரை அது. வல்லரசுகள் வழங்கும் மென்சொற்களும் இந்த இரு வகையே. சில கதவுகள், சில திரைகள். எது கதவு, எது திரை என்று பிரித்தறியும் ஆற்றல்தான் செய்தி படிப்பவனுக்கு வேண்டிய முதல் கல்வி.

கதவாக இருந்த சொல் ஒன்றைச் சொல்கிறேன். 1962 அக்டோபர் திங்கள். கியூபாவிலே சோவியத் ஏவுகணைத் தளங்கள் எழுவதை அமெரிக்க உளவு விமானம் படம் பிடித்துவிட்டது. கியூபாவுக்குப் போர்க்கருவி ஏற்றிவரும் கப்பல்களைத் தடுக்கத் துணிந்தார் கென்னடி. கடலில் கப்பலை மறிப்பதற்கு ஆங்கிலத்தில் 'பிளாக்கேட்' என்று பெயர், முற்றுகை. முற்றுகையோ நாடுகளுக்கிடையிலான சட்டப்படி போர்ச்செயல்! ஆகவே அக்டோபர் 22 இரவு தொலைக்காட்சியில் தோன்றிய கென்னடி, 'குவாரண்டைன்' என்றார். 2020இல் கொரோனா நோய்க் காலத்திலே நம் தெருவெங்கும் ஒலித்ததே, அதே சொல்!

கப்பல்கள் மாறவில்லை. பீரங்கிகள் மாறவில்லை. பெயர் மாறிற்று. குருஷ்சேவ் ஏமாந்துவிடவில்லை, இது வலுத்தாக்குதல் என்றே கடிதம் எழுதினார். ஆயினும் போர் அறிவிக்கப்படவில்லை, பின்வாங்க வழி இருந்தது, நாள்கள் கிடைத்தன. ஏவுகணைகளைக் கழற்றுவோம் என்று அக்டோபர் 28இல் அவர் அறிவித்தார். சொல் ஒன்றே உலகைக் காத்தது என்று நான் மிகைபடக் கூறமாட்டேன். துருக்கியில் இருந்த தன் ஏவுகணைகளை அகற்றுவதாக அமெரிக்கா மறைவாகத் தந்த வாக்குறுதியும் உண்டு. ஆனால் அந்த வாக்குறுதி பிறப்பதற்கு நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தை ஈட்டித் தந்ததில் அச்சொல்லுக்கும் பங்குண்டு. மறு ஆண்டு, 1963இல், இரு தலைநகரங்களுக்கும் இடையே 'ஹாட்லைன்' அமைத்தார்கள். சிவப்புத் தொலைபேசி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை! அது தட்டச்சுச் செய்தி அனுப்பும் கருவி. வாயால் பேசினால் சொல் தவறும், சொல் தவறினால் உயிர்கள் தவறும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

இன்னொரு கதவு, 2001இல் திறந்தது. ஏப்ரல் முதல் நாள், ஹைனான் தீவருகே அமெரிக்க உளவு விமானமும் சீனப் போர் விமானமும் மோதின. சீன விமானி மாண்டார். அமெரிக்க விமானம் இசைவின்றி அத்தீவில் இறங்கியது. அதிலிருந்த 24 பேரும் பிடிபட்டனர். மன்னிப்புக் கேள் என்றது பீஜிங். மாட்டேன் என்றது வாஷிங்டன். 11 நாள் இழுபறிக்குப் பின் ஒரு கடிதம் சென்றது. அதில் 'அப்பாலஜி' இல்லை. 'வெரி சாரி' இருந்தது. மன்னிப்பு அல்ல, வருத்தம் என்றது ஒரு நாடு. ஆழ்ந்த மன்னிப்பைப் பெற்றோம் என்று தன் மக்களிடம் கூறியது மற்றொரு நாடு. 24 பேரும் வீடு திரும்பினர்.

சாத்தியும் சாத்தாமலும் நிற்கும் கதவும் உண்டு. 1979 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த அமெரிக்க-சீனக் கூட்டறிக்கையைப் படியுங்கள். மக்கள் சீன அரசைச் சீனாவின் ஒரே சட்டமுறை அரசாக 'ரெகக்னைஸ்' செய்கிறோம் என்கிறது அமெரிக்கா, அதாவது ஏற்கிறோம். தைவான் சீனாவின் பகுதி என்னும் சீன நிலையை 'அக்னாலெட்ஜ்' செய்கிறோம் என்கிறது. அதாவது, அப்படி நீங்கள் கூறுவதை அறிவோம். ஒரே அறிக்கை, இரண்டு வினைச்சொற்கள்! சீன மொழி வடிவிலோ இரண்டிடத்தும் 'ஏற்பு' என்னும் பொருள்தரும் சொல்லே நிற்கிறது. அந்த இடைவெளியிலேதான் ஒரு தீவின் மக்கள் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். இரண்டையும் 'அங்கீகாரம்' என்று ஒரே சொல்லால் தமிழில் எழுதிவிட்டால், அரை நூற்றாண்டுச் சிக்கலை ஒரே கோட்டில் அழித்தவர்கள் ஆவோம்!

இனித் திரைகளைப் பாருங்கள். 1950 சூன் திங்களில் கொரியாவிலே போர் மூண்டது. அமெரிக்கப் படை புறப்பட்டது. நாம் போரில் இல்லை என்றார் ட்ரூமன்; 'போலீஸ் ஆக்ஷன்' எனலாமா என்று செய்தியாளர் கேட்க, ஆம் என்றார். காவல் நடவடிக்கையாம்! மூன்றாண்டு நடந்த அந்தக் 'காவல் நடவடிக்கை'யில் 30,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டனர். மடிந்த கொரிய மக்களோ பல இலட்சம்.

அமெரிக்காதான் அப்படி என்று எண்ணாதீர்கள். 2022 பிப்ரவரி 24இல் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தது. 'தனிச்சிறப்பான இராணுவ நடவடிக்கை' என்று பெயரிட்டார் புடின். 'போர்' என்றும் 'படையெடுப்பு' என்றும் எழுதக்கூடாதென ரஷ்ய ஏடுகளுக்கு ஆணை பிறந்தது. வீடு இடிகிறது, போர் இல்லை! தாய் அழுகிறாள், படையெடுப்பு இல்லை!

இரண்டும் மென்சொற்களே. எப்படிப் பிரித்தறிவது? ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தச் சொல் யாருக்காகச் சொல்லப்பட்டது? எதிரி மானத்தோடு பின்வாங்க வழிவிடுகிறதா? அது கதவு. தன் மக்களின் கண்ணுக்குக் குருதி தெரியாமல் மறைக்கிறதா? அது திரை. கதவைக் கண்டால், கோழைத்தனம் என்று ஏளனம் செய்யாதீர்கள். அதன் வழியே பல்லாயிரம் பிள்ளைகள் வீடு திரும்பக்கூடும். திரையைக் கண்டால், நாகரிகம் என்று நம்பிவிடாதீர்கள், விலக்கிப் பாருங்கள்.

தெருமுனையிலே உலக நிலை பேசும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வையுங்கள். வல்லரசு வழங்கும் சொல் ஒரு பக்கம். அது சுட்டும் செயல் மறுபக்கம். எழுதுங்கள், ஒப்பிடுங்கள், பிறகு பேசுங்கள். சொல்லைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாளிகையில் இருக்கிறார்கள். அதன் விலையைக் கொடுப்பவர்கள் குடிசையில் இருக்கிறார்கள். விலை கொடுப்பவனுக்குப் பொருள் தெரிய வேண்டாமா? தெரிய வைப்போம்! அதுவே படிப்பகத்தின் பணி!