ஒரு மாணவருக்கு ஒரு நோயாளி: ஹற்றன் கருத்தரங்கின் தலைமை உரை



தலைமை உரை என்றால் துறையின் வரலாற்றில் தொடங்குவது மரபு. விரைவாக முடித்துவிடுகிறேன். நெடுங்காலம் இலங்கையில் மனநோய் என்றாலே அங்கொடை மனநோய் வைத்தியசாலைதான். 1937இல் லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையிலிருந்து உளமருத்துவர் எட்வர்ட் மாப்பதரை அழைத்தார்கள். நெரிசலைப் பார்த்த அவர், மனநோய்ச் சிகிச்சை மதிலுக்கு வெளியே, பொது வைத்தியசாலைகளுக்கு வரவேண்டும் என்றார். 1939இல் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் வெளிநோயாளர் கிளினிக் தொடங்கியது. 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோகச் சொன்னது. இன்று நமது மருத்துவபீடங்களில் உளமருத்துவம் இறுதியாண்டின் தனிப் பாடம். இந்தியாவில் பல்லாண்டுகள் அது இரண்டு வாரப் பயிற்சியாகவே இருந்தது என்பதை நினைத்தால் கொஞ்சம் பெருமைப்படலாம்.

கொஞ்சம்தான். நம் மாணவர் உளமருத்துவத்தைப் பெரும்பாலும் வார்ட்டில்தான் கற்கிறார். அங்கே படுத்திருப்பவர் காதில் குரல் கேட்பவர், நாட்கணக்கில் உறங்காதவர், உறவினர் கட்டித் தூக்கி வந்தவர். ஊசி, மாத்திரை, ஒன்றிரண்டு வாரத்தில் தெளிவு வரும், டிக்கெட் வெட்டி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்பது மாணவருக்குத் தெரியாது. பரீட்சையிலும் கேட்கமாட்டார்கள்.

பட்டம் பெற்று டிக்கோயாவிலோ மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ நாற்காலியில் அமரும்போது அவர் முன் வருபவர் வேறு ஆள். நாற்பது வயது தாண்டிய கொழுந்து பறிக்கும் பெண். தலைவலி, கைகால் எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு. கிளினிக் கொப்பியைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் வாய்வு மாத்திரையும் வலி மாத்திரையும். புருஷனின் குடி, கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன மகள், நகைக்கடையில் மீட்க முடியாமல் கிடக்கும் தோடு, லயத்தின் ஒற்றைக் காம்பராவில் ஆறு பேர்: இவை எதுவும் கொப்பியில் இல்லை. கேட்க நேரமில்லை என்று நாம் சொல்வோம். கேட்டால் அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நமக்குக் கற்றுத்தரவில்லை என்பதுதான் உண்மை.

அவர் அன்று கிளினிக்குக்கு வந்ததற்குக் கொடுத்த விலையையும் பாருங்கள். காலைப் பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்று பேர் இல்லை, நாட்சம்பளம் இல்லை. கொழுந்தின் நிறை குறைந்தாலே அரைப்பேர் போடும் தோட்டத்தில், மாதம் ஒரு முழு நாளை இழந்து, பஸ் காசும் கொடுத்து வந்து, வரிசையில் நின்று, மூன்று நிமிடம் பேசி, பழைய மாத்திரையையே வாங்கிப்போகிறார். அடுத்த மாதம் வரவில்லை என்றால் ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்று எழுதுகிறோம். அந்த வரியை எழுதும் கை எனக்கும் பழக்கமானதுதான்.

மொழி இன்னொரு சுவர். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் வார்ட்டின் சிற்றூழியர் சொல்லிக்கொடுப்பார். அவரும் இல்லாவிட்டால் நோயாளியின் பத்து வயது மகன். அப்பா அடிப்பதை எந்தத் தாய் அந்தப் பிள்ளையின் வாய்வழியே சொல்வாள்? ஆனால் தமிழ் மாணவர்கள் வந்தால் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். தன் தாயைவிட மூத்த பெண்ணை ‘இங்கே வா, உட்கார், என்ன உனக்கு?’ என்று ஒருமையில் கூப்பிடும் தமிழ் வைத்தியர்களை நான் போதுமான அளவு பார்த்திருக்கிறேன். உளச்சிகிச்சையின் முதற்பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

இனி என் முன்மொழிவு. 1958இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் வைத்தியசாலையில் ஒரு திட்டம் ஆரம்பமாயிற்று. மருத்துவ மாணவர் ஒருவரிடம் ஒரு வெளிநோயாளியை ஒப்படைத்தார்கள். வாரம் ஒருமுறை, ஏறத்தாழ ஓராண்டு, அந்த ஒருவரோடு மாணவர் பேசவேண்டும். அதே வாரத்தில் சிறு குழுவாக அனுபவமுள்ள உளச்சிகிச்சையாளர் முன் அமர்ந்து, தான் சொன்னதையும் நோயாளி சொன்னதையும் தான் மௌனமாக இருந்த இடத்தையும் ஒப்பிக்கவேண்டும். அவர்களை உளமருத்துவ நிபுணர்களாக்குவது நோக்கமன்று. நாளை அறுவைச் சிகிச்சை நிபுணராகப் போகிறவரும் ஒரு மனிதரை ஓராண்டு கேட்டிருக்கவேண்டும் என்பதே நோக்கம்.

அதை அப்படியே இங்கு நட முடியாது. பேராதனை மருத்துவபீடத்திலிருந்து வாரந்தோறும் மாணவரை மலையேற்றுவது நடக்காது. வாரந்தோறும் பேரை இழக்கத் தோட்டத் தொழிலாளியாலும் ஆகாது. ஆனால் மூன்றாம் ஆண்டிலிருந்தே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நோயாளியை ஒதுக்கி, மாதம் ஒருமுறை நேரிலும் இடையில் தொலைபேசியிலும் ஓராண்டு தொடரலாம். பிரச்சினையைக் கூறுபோட்டு அதில் ஒன்றைத் தீர்ப்பது, கைவிட்ட வேலைகளை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கவைப்பது: இந்த எளிய முறைகள் இருபது நிமிடத்தில் அடங்கும். பிரியும் நாளை முன்கூட்டியே சொல்லி முடித்துக்கொள்வதும் பாடத்தின் பகுதி.

பேச்சு படித்தவர்களுக்கான சிகிச்சை, கொழுந்துக்காரிக்கு மாத்திரை போதும் என்று நினைப்பவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். பாகிஸ்தானின் ராவல்பிண்டிக் கிராமங்களில் ஆதிப் ரஹ்மான் குழுவினர் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளிடம், உளமருத்துவம் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற கிராம சுகாதாரப் பெண்கள் வீடு தேடிப்போய்ப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தத் தாய்மாரில் 23 சதவீதத்தினருக்கே மனச்சோர்வு இருந்தது. வழக்கமான வீட்டு வருகை மட்டும் பெற்றவர்களில் 53 சதவீதம். நம் தோட்டங்களிலும் மிட்வைஃப் மிஸ் இருக்கிறார், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருக்கிறது. மாணவர் முதலில் அவர்களிடம் கற்கட்டும்.

குறி சொல்லிப் பேயோட்டும் கோடாங்கியைப் பற்றியும் ஒரு சொல். நோயாளிகளில் பலர் நம்மிடம் வருமுன் அவரிடம் போய்வந்தவர்கள். மாணவர் அதைச் சிரிக்காமல் கேட்கப் பழகவேண்டும். கோடாங்கி குடும்பம் முழுவதையும் ஓரிரவு உட்காரவைக்கிறார். நமது கிளினிக்கில் கணவருக்கு நாற்காலிகூட இல்லை.

தற்கொலை விஷயத்தில் நம் துறை அடக்கத்தோடு இருப்பது நல்லது. 1995இல் இலட்சத்துக்கு 47 ஆக இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் பின்னர் பெருமளவு குறைந்ததற்குக் கொடிய பீடைநாசினிகளைத் தடைசெய்ததே முக்கிய காரணம். நமது பங்கு சிறிது. ஆனால் மருந்து குடித்துப் பிழைத்த இளம்பெண் பொது மருத்துவ வார்ட்டிலிருந்து கிளினிக் துண்டோடு லயத்துக்குத் திரும்பும் அந்த வாரம் நம்முடையது. மாணவருக்கு ஒதுக்கும் நோயாளி அவராக இருக்கட்டும் என்பேன். ஆபத்தான யோசனை என்று சிலர் சொல்வார்கள். மேற்பார்வை இல்லாவிட்டால் ஆபத்துத்தான்; ஆகவே வாரந்தோறும் மேற்பார்வை செய்ய ஆள் கிடைக்கும்வரை இந்தத் திட்டத்தைத் தொடங்கவே கூடாது.

இனி இடமும் பணமும். டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியோடு கட்டிய 150 கட்டில் வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. கட்டடம் இருக்கிறது. பிற்பகல் அமர்வில் பேசவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கோட்பாட்டை அச்சிட்ட கட்டுரையில் படித்துக்கொள்கிறோம். வாரத்தில் ஒரு கிளினிக்கையாவது, பேர் போகாத ஞாயிற்றுக்கிழமையில் நடத்த முடியுமா, அன்றைய தாதியருக்கு மேலதிகக் கொடுப்பனவு எந்தக் கணக்கிலிருந்து வரும், மாணவரின் பஸ் செலவு யாருடையது என்பதைப் பேசுங்கள். சுகாதாரத் திணைக்களத்திலிருந்து வந்திருப்பவர் தேநீர் இடைவேளையோடு புறப்படவேண்டியவர் என்று அறிகிறேன். ஆகையால் அந்த அமர்வையே முதலில் வைத்துக்கொள்ள அவையின் அனுமதியைக் கோருகிறேன்.