கண்ணாடிக்கு இந்தப் பக்கம்



யாருடைய நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவர் எனக்கு டிராயிங் சார். ஒன்பதாம் வகுப்பில் எங்கள் முப்பது பேரையும் நாகர்கோவிலில் பஸ் ஏற்றித் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனார். நாங்கள் போனது மிருகக்காட்சிசாலை பார்க்க. அவர் வந்தது அதே வளாகத்தில் இருக்கும் ஸ்ரீசித்ரா ஓவியக்கூடத்துக்காக. புலியைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் ரவிவர்மாவையும் பார்த்து முடித்தோம். அப்புறம் சில மலைப்படங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத மலைகள். நீலத்துக்கு மேல் நீலம், அதற்கும் மேலே கொஞ்சம் ரோஜா நிறம். “இது எந்த ஊரு மலை சார்?” என்று கேட்டேன். எங்கள் வேளிமலைக்கு அந்த நிறம் கிடையாது. “ரஷ்யாக்காரர் வரைஞ்ச இமயமலை. ஒருநாள் போய்ப் பாத்துட்டு, நிறம் சரியா இருக்கான்னு வந்து சொல்லு” என்றார்.

போவதற்கு நாற்பது வருஷம் ஆகிவிட்டது. கேட்டவர் இப்போது இல்லை. அவர் பெயரில் மேடை இருக்கிறது என்பதால், பதிலை இங்கே சொல்கிறேன்.

சண்டிகரிலிருந்து மணாலி போகும் சாலையில், மணாலிக்கு முன்பாக பத்லிகுல் என்று ஓர் ஊர் வரும். அங்கே பியாஸ் ஆற்றைப் பாலத்தில் கடந்து, எதிர்க்கரையில் ஆறு கிலோமீட்டர் போல மேலே ஏறினால் நக்கர். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,800 மீட்டர். ஒரு காலத்தில் குலு அரசர்களின் தலைநகர். அரசர் இருந்த கோட்டை இப்போது அரசாங்க ஓட்டல். கல் ஒரு வரிசை, தேவதாரு உத்தரம் ஒரு வரிசை என்று சாந்து பூசாமல் மாற்றி மாற்றி அடுக்கிய சுவர். 1905-ஆம் ஆண்டுக் காங்க்ரா நிலநடுக்கத்தில் சுற்றுவட்டாரமே சரிந்தபோது இது நின்றது. நக்கருக்கு வருகிறவர்களில் பலர் இந்தக் கோட்டையின் மாடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். ஆப்பிள் தோட்டங்களுக்கும் தேவதாருக்களுக்கும் நடுவே, சரிவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது அந்த ரஷ்யாக்காரர் நிக்கோலஸ் ரோரிக்கின் வீடு.

வீட்டைக் கட்டியவர் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. ரோரிக் குடும்பம் அங்கே குடியேறியது 1928-இன் இறுதியில். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கும் மேலாக ரோரிக்கும் மனைவியும் மூத்த மகனும் மத்திய ஆசியாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். லடாக், சீனத் துருக்கிஸ்தானம், அல்தாய், மங்கோலியா, திபெத் என்று குதிரையிலும் ஒட்டகத்திலுமாக. கணவர் ஓவியர், மனைவி ஹெலினா தத்துவ நூல்கள் எழுதியவர், மூத்த மகன் யூரி திபெத்திய மொழி அறிஞர், இளையவர் ஸ்வெதோஸ்லாவ், அவரும் ஓவியர். அப்படி அலைந்த குடும்பம் இந்தச் சரிவில் வந்து இருபது வருஷம் உட்கார்ந்துவிட்டது.

கீழ்த்தளம் ஓவியக்கூடம். மாடியில்தான் அவர்கள் வாழ்ந்த அறைகள். அங்கே உள்ளே விடமாட்டார்கள். வெளித் தாழ்வாரத்தில் நடந்து, ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தவனைத் திண்ணையோடு நிறுத்துகிறார்களே என்று. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டி, இரண்டு கையாலும் கண் கூசாமல் மறைத்துக்கொண்டால்தான் உள்ளே தெரிகிறது. மேசை, நாற்காலி, புத்தக அலமாரி. கொஞ்சம் அசைந்தால் அறை மறைந்து, கண்ணாடியில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் பனிமலை விழுகிறது. மேசையைப் பார்க்க வேண்டுமானால் மலையை மறைக்க வேண்டும். மலை வேண்டுமானால் மேசை போய்விடும். நாலைந்து ஜன்னல் இப்படி மாறி மாறிப் பார்த்த பிறகு, சலித்துப்போய்த் திரும்பி நின்றேன். அந்த மேசையில் உட்கார்ந்தவருக்கு என்ன தெரிந்திருக்குமோ அதுதான் எதிரே இருந்தது. கீழே பள்ளத்தாக்கு, ஆறு ஒரு நூல், வடக்கே லாஹூல் பக்கத்து முகடுகள்.

நிறத்துக்கு வருகிறேன். நண்பகலில் பார்த்தால் சார் சந்தேகப்பட்டது நியாயம். மலை வெறும் சாம்பலும் வெள்ளையுமாக, சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. ரோரிக் இட்டுக்கட்டிவிட்டார் என்றே முடிவுகட்டினேன். மாலை ஐந்து மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கில் நிழல் ஏறத் தொடங்கியது. அடியில் கருநீலம், நடுவில் ஊதா கலந்த நீலம், உச்சியில் மட்டும் அந்த ரோஜா நிறம். பத்து நிமிஷத்துக்குமேல் அது நிற்கவில்லை. நிறம் சரிதான் சார். மற்ற இருபத்துமூன்றே முக்கால் மணி நேரத்தை அவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது டெம்பரா. எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு அதில் இல்லை. சுவரில் காவி பூசியதுபோல ஒளியை உள்ளே இழுத்துக்கொள்ளும். கூடத்தில் விளக்கு குறைவு; அப்படியும் அந்தச் சிறிய பலகைகள் உள்ளிருந்து வெளிச்சம் விடுவதுபோல நிற்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் வரைந்தவை ஏழாயிரம் இருக்கும் என்கிறார்கள். அத்தனையும் பெரிய படைப்பு என்று பக்தர்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. வரிசையாக இருபது படம் பார்த்ததும் மலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. சில படங்கள் வாழ்த்து அட்டைக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. அதே சுவரில் ஏதோ ஒரு படம், ஒரு பாறையும் ஒரு துண்டு வானமும் மட்டும் உள்ளது, நம்மை நகர விடாது. இரண்டும் ஒரே கை.

வீட்டுக்கு வெளியே மரத்தடியில் பழைய கற்சிலைகள் இருக்கின்றன. அவற்றில் குதிரைமேல் வரும் குகா சௌகான் ரோரிக்குக்கு மிகவும் பிடித்தவர், படமாகவும் வரைந்திருக்கிறார். வட இந்தியக் கிராமங்களில் பாம்புக்கடியிலிருந்து காப்பவர் என்று கும்பிடப்படும் வீரர். ஊர் எல்லையில் அய்யனாரைப் பார்த்து வளர்ந்த எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சற்றுக் கீழே இறங்கினால் ரோரிக்கை எரியூட்டிய இடம். 1947 டிசம்பர் 13-இல் இறந்தார். சுதந்திரம் வந்து நான்கு மாதம். அங்கே நட்டிருக்கும் கல் அவரை மகரிஷி என்கிறது, இந்தியாவின் நண்பர் என்கிறது. இரண்டாவதில் எனக்குத் தடையில்லை. மேலே காட்டுப்பாதையில் ஏறினால் ‘உருஸ்வதி’ ஆய்வு நிலையம். மூலிகை, திபெத்திய மருத்துவம், மொழி, பழங்குடி வழக்கு என்று எல்லாவற்றையும் சேகரிக்க 1928-இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் முடங்கிவிட்டது.

ஏன் முடங்கியது என்ற கதையைத்தான் இந்த மேடையில் சொல்ல நினைத்து வந்தேன்.

புனித பீட்டர்ஸ்பர்க்கில் 1874-இல் பிறந்த ரோரிக், 1913-இல் பாரிஸில் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தத்தின் சடங்கு’ பாலே அரங்கேறிக் கூச்சலும் குழப்பமுமாக முடிந்தபோது, அதற்கு மேடையும் உடையும் அமைத்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் அமெரிக்கா போனார். அங்கே லூயி ஹார்ச் என்ற பணக்காரர் அவரிடம் மயங்கினார். நியூயார்க்கில் ஆற்றைப் பார்த்தபடி இருபதுக்கும் மேற்பட்ட மாடிகளோடு ஒரு கட்டடம் எழுந்தது. 1929-இல் முடிந்தது, கீழ்த்தளங்களில் ரோரிக் அருங்காட்சியகம். உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவருக்கு வானளாவிய கட்டடத்தில் அருங்காட்சியகம். நக்கரில் உருஸ்வதிக்கு வந்துகொண்டிருந்த பணமும் அந்தப் பக்கத்திலிருந்துதான்.

ரோரிக்குக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. போரில் கோயில்கள், நூலகங்கள், அருங்காட்சியகங்கள் அழியக்கூடாது. மருத்துவமனைக்குச் செஞ்சிலுவைபோல இவற்றுக்கும் ஒரு கொடி வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்பு வட்டம், அதற்குள் மூன்று சிவப்புப் புள்ளி. ரோரிக் ஒப்பந்தம் என்ற பெயரிலேயே இதற்கான உடன்படிக்கை 1935 ஏப்ரல் 15-இல் வெள்ளை மாளிகையில், ரூஸ்வெல்ட் முன்னிலையில், அமெரிக்கக் கண்டங்களின் 21 நாடுகளால் கையெழுத்திடப்பட்டது. பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் 1954-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைக்கு இது முன்னோடி.

அதே 1935-இல் ஹார்ச் முறித்துக்கொண்டார், உருஸ்வதிக்கு வந்த பணமும் நின்றது. அருங்காட்சியகத்தின் பங்குப் பத்திரங்கள் அவர் கையில் இருந்தன. வழக்கு நடந்தது, தீர்ப்பு ஹார்ச் பக்கம். 1938-இல் அருங்காட்சியகம் மூடப்பட்டது. உலகத்து அருங்காட்சியகங்களையெல்லாம் பீரங்கியிடமிருந்து காக்க ஒப்பந்தம் எழுதியவரின் அருங்காட்சியகத்தை ஒரு கூட்டாளியின் கையெழுத்து கொண்டுபோய்விட்டது. பின்னாளில் ஆதரவாளர்கள் அதே நகரில் ஒரு சாதாரண வீட்டில் மறுபடி தொடங்கினார்கள், இன்றும் நடக்கிறது.

நக்கர் வீடு பிழைத்தது எப்படி? மலையின் தயவு, தூரத்தின் தயவு என்று எழுதினால் அழகாக இருக்கும். நடந்தது வேறு. கணவர் இறந்தபின் ஹெலினா காலிம்போங் போனார். 1955-இல் அங்கேயே காலமானார். யூரி 1957-இல் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். இளையவர் ஸ்வெதோஸ்லாவ் பெங்களூரில். யாரும் குடியிருக்காத மலைவீடு எத்தனை பனிக்காலம் தாங்கும்? 1962-இல் அவர் கீழ்த்தளத்தைக் கூடமாக்கிப் படங்களை மாட்டினார். 1992-இல், தன் எண்பத்தெட்டாம் வயதில், வீட்டுக்கும் தோட்டத்துக்கும் உருஸ்வதிக்கும் சேர்த்து ஓர் அறக்கட்டளை எழுதிவைத்தார். அடுத்த ஜனவரியில் இறந்துபோனார். ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஊகிக்க வேண்டியதில்லை, அவருடைய சொந்த வீட்டைப் பார்த்தாலே தெரியும். ஸ்வெதோஸ்லாவின் மனைவி தேவிகா ராணி. இந்தி சினிமாவின் முதல் பெரிய நட்சத்திரங்களில் ஒருவர், முதல் தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்றவர். வால்டேரில் பிறந்தவர், அப்பா சென்னை மாகாணத்தின் சர்ஜன் ஜெனரலாக இருந்தவர். இருவரும் பெங்களூரின் கனகபுரா சாலையில் தாதகுனி என்ற இடத்தில் 468 ஏக்கர் தோட்டத்தில் வாழ்ந்தார்கள். வாசனை எண்ணெய் எடுக்கும் லினாலோ மரங்கள் வளர்த்தார்கள். குழந்தை இல்லை. 1994 மார்ச்சில் தேவிகா ராணியும் போனார். பிறகு தோட்டம் யாருக்கு என்ற சண்டை. கர்நாடக அரசு 1996-இல் தனிச்சட்டமே போட்டுக் கையகப்படுத்தியது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுவரை போய், 2011 ஆகஸ்டில்தான் அரசுக்குச் சாதகமாக முடிந்தது. சொத்துரிமை பற்றிய 300ஏ பிரிவைப் படிக்கும் சட்ட மாணவர்களுக்கு அந்தத் தோட்டம் தெரியும். ஓவியம் படிக்கும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் கேட்கப் போவதில்லை. பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் தொங்கும் நேருவின் படத்தை வரைந்தவர் வாழ்ந்த வீடு அது.

இதையெல்லாம் யோசிக்கும்போது எனக்கு நம் கோயில் சுவர்கள் நினைவுக்கு வந்தன. ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடு விடுவார்கள். நாளுக்கு உழக்கு நெய். ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டு சொல்லும். ஆடு சாகாதா என்ன? செத்தால் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டியது இடையரின் பொறுப்பு என்று அர்த்தம். விளக்கு பற்றி அந்தக் கல்லில் அதிகம் இருக்காது. ஆடு எத்தனை, யார் பொறுப்பு, நெய் எவ்வளவு என்பதுதான் இருக்கும். ஸ்வெதோஸ்லாவ் 1992-இல் எழுதியதும் அந்த மாதிரி ஓர் எழுத்துதான்.

ரோரிக்கின் படங்களை 1979-இல் இந்திய அரசு தேசியக் கலைச்செல்வமாக அறிவித்தது. நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. அந்தத் தகுதி பெற்ற ஒன்பது ஓவியர்களில் ரவிவர்மா உண்டு, தாகூர்கள் உண்டு, அம்ரிதா ஷெர்கில் உண்டு. ரஷ்யராகப் பிறந்தவர் இவர் ஒருவர். படங்களுக்குச் சட்டம் இருக்கிறது. ஓவியர் உட்கார்ந்த நாற்காலிக்கு? டிராயிங் சாரின் வீடு ஒழுகினசேரிப் பக்கம் இருந்தது. முன்னறையில் ஒரு சாய்வு மேசை, வண்ணம் கலந்து கலந்து ஓரமெல்லாம் மழைக்கால வானம்போல ஆகிவிட்ட மேசை. அந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம். பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். விற்ற பணத்தில் ஒரு பங்கை இந்தக் கல்லூரியில் போட்டு, வருஷம் ஒருவரை நிறுத்திப் பேச வைக்கிறார்கள். மேசை யாரிடம் போயிற்று என்று நேற்று அவர் மகளிடம் கேட்டேன். “அது கரையான் அரிச்சுப் போச்சு அண்ணே” என்றார்.

நக்கரில் மூடும் நேரம் வந்ததும், அந்த ரோஜா நிறத்தை விட மனமில்லாமல் தாழ்வாரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். காவல்காரர் எதுவும் சொல்லவில்லை. கையில் ஒரு பழைய துணி. ஜன்னல் ஜன்னலாகப் போய், வெளிப்பக்கக் கண்ணாடியில் எங்கள் நெற்றி பட்ட எண்ணெய்த் தடங்களைத் துடைத்துக்கொண்டே வந்தார். என்னுடைய தடம் கடைசி ஜன்னலில் இருந்தது.