சத்தமில்லாத பாதை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இன்று ஒரு பாதையைப் பற்றிப் பேசப்போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் பாதைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பாதையிற் போகையில் மூன்று நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக என் நினைவுக்கு வந்தன. அதுதான் என் நியாயம்.

பிரான்சின் பேர்கண்டிப் பகுதியில், ஷலோன் நகருக்கு அண்மையில் ஜிவ்ரி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே குளூனி வரை ஏறக்குறைய 44 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. பாரிசின் புறநகரொன்றில் வசிக்கும் என் பெறாமகன், "சித்தப்பா, ஏற்றமே இல்லை, பயப்படாதேங்கோ" என்று உறுதி தந்து என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். வாடகைச் சைக்கிள்கள் இரண்டு. கரியரில் ஒரு பை. ஐம்பது வயதுக்குமேல் இதெல்லாம் தேவையா என்று மனைவி கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

பெறாமகன் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே ஏற்றம் மிகக் குறைவு. ஏனென்று பிறகுதான் விளங்கியது. நாங்கள் போனது பழைய புகையிரதப் பாதை. செங்குத்தான ஏற்றத்தில் புகையிரதம் ஏறாது. ஆகையால் அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் குன்றை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் நிலத்தைச் சமப்படுத்தி வைத்தார்கள். பிற்காலத்தில் புகையிரதம் நின்றது, தண்டவாளம் போயிற்று. வெறுந்தடமாகக் கிடந்த நிலத்தில் தாரிட்டு, 1997ஆம் ஆண்டில் சைக்கிள்காரருக்கும் நடப்பவருக்குமாகத் திறந்துவிட்டார்கள். 'பசும் பாதை' என்பது அதன் பெயர். பிரான்சில் இவ்வகையில் முதலாவது இதுதான் என்கிறார்கள். 2004இல் வீதிச் சட்டத்திலேயே இந்தப் பெயருக்கு இடமளித்து, மோட்டார் பூட்டிய எதுவும் இதில் வரக்கூடாது என்று வரையறை செய்துவிட்டார்கள்.

ஒரு பக்கம் முந்திரிகைத் தோட்டம், மறுபக்கம் புல்வெளியிற் படுத்திருக்கும் வெள்ளை மாடுகள். நம் காதுக்குக் கேட்பது செயின் ஓடும் ஓசையும் சில்லின் கீழ் சருகு நெரியும் ஓசையும்தான். பின்னால் வாகனம் வருகிறதோ என்று கழுத்தைத் திருப்ப வேண்டிய தேவை இல்லை. அந்த ஒரு கவலை நீங்கியதும் மனம் எங்கெங்கோ போகத் தொடங்கிவிடுகிறது. என் மனம் புத்தகங்களுக்குப் போயிற்று.

1898ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் சைக்கிளோடு தொடர்புடைய இரண்டு நாவல்கள் வந்தன. ஒன்று, பின்னாளில் ஆர்சென் லூப்பன் என்ற கெட்டிக்காரத் திருடனைப் படைத்துப் புகழடைந்த மொறிஸ் லெப்லாங் எழுதிய 'இதோ சிறகுகள்'. இரண்டு தம்பதிகள் சைக்கிளேறி நோர்மண்டி, பிரிட்டனிப் பகுதிகளைச் சுற்றப் போகிறார்கள். நாள் செல்லச் செல்ல ஆடையின் இறுக்கம் தளர்கிறது, சம்பிரதாயத்தின் இறுக்கமும் தளர்கிறது. கடைசியிற் சோடிகளே மாறிவிடுகின்றன! கதை என்னவோ சற்று மெல்லியதுதான். ஆனாலும், தன் தசையின் பலத்தாலே ஊர்விட்டு ஊர் போகும் ஒரு மனிதனுக்கு உண்டாகும் கிளர்ச்சியை இவ்வளவு குதூகலத்தோடு எழுதியவர் அக்காலத்திற் குறைவு.

மற்றது எமில் ஸோலாவின் 'பாரிஸ்'. ஸோலாவே பெரிய சைக்கிள் பிரியர். அந்த நாவலில் மரீ என்ற பெண்ணும் பியேர் என்ற குருவானவரும் சென்-ஜேர்மன் காட்டுக்குள் சைக்கிளிற் போகும் ஒரு பகுதி உண்டு. தனக்கு ஒரு மகள் பிறந்தால் பத்து வயதிலேயே அவளைச் சைக்கிளில் ஏற்றிவிடுவேன், வாழ்க்கையில் வழி பார்த்து நடக்க அது கற்றுக்கொடுக்கும் என்ற கருத்தில் மரீ பேசுகிறாள். சந்தேகத்திற் புழுங்கிக்கொண்டிருக்கும் குருவானவருக்கு மூச்சு விடக் கிடைத்த இடம் அந்தக் காடு.

இந்த இரண்டு நாவல்களிலும் பாதை அமைதியாக இருக்கிறது. கார் இன்னும் பெருகவில்லை. அது தவிர, ஒரு சைக்கிளின் விலை அன்று ஒரு தொழிலாளியின் பல மாதச் சம்பளம். உழைப்பவனுக்கு ஊர் சுற்ற நேரமும் இல்லை. அந்தப் பாதைகளின் அமைதியில் இந்த இல்லாமையும் சேர்ந்திருந்தது. 1936இல் மக்கள் முன்னணி அரசாங்கம் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியபோது, அதற்குள் மலிந்துவிட்ட சைக்கிளில் ஏறித் தொழிற்சாலைப் பெண்களும் ஆண்களும் கூட்டங்கூட்டமாக நாட்டுப்புறம் நோக்கிப் புறப்பட்டார்கள். இருவர் மிதிக்கும் சைக்கிள்களில் கணவனும் மனைவியுமாகப் போனவர்களின் புகைப்படங்களை நீங்களும் பார்த்திருக்கக்கூடும்.

மூன்றாவது நூல் சிமோன் த பொவ்வாவின் சுயசரிதை. அதன் இரண்டாம் பாகம் 1960இல் வெளிவந்தது. முப்பது வயது கடந்த பின், ஜேர்மானியர் பிடித்திருந்த பாரிசில், அவர் சைக்கிளோடப் பழகினார். 1941 கோடையில், சிறை முகாமிலிருந்து மீண்டிருந்த சார்த்தரோடு தெற்கே புறப்பட்டார். அப்போது பிரான்ஸ் இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஆக்கிரமிப்புக்கு உட்பட்ட பகுதி ஒன்று, உட்படாத பகுதி ஒன்று. நடுவே காவற்கோடு. மொன்சோ-லே-மின் என்ற சுரங்க ஊரில், வழிகாட்டியின் உதவியோடு இருவரும் கோட்டை இரகசியமாகக் கடந்தார்கள். அப்பால் சைக்கிளேறித் தெற்கே போனார்கள். எதிர்ப்பு இயக்கமொன்றுக்கு ஆதரவு தேடி ஆந்த்ரே ஜீத்தையும் ஆந்த்ரே மால்ரோவையும் சந்தித்தார்கள். இருவரும் உற்சாகம் காட்டவில்லை.

அரசியல் தோற்றாலும் பயணம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. ஏற்றத்தில் சார்த்தர் மூச்சுப்பிடித்து மிதித்து முந்திவிடுவாராம். சமநிலத்தில் யோசனையிலாழ்ந்து ஓரத்துப் பள்ளத்தில் விழுவாராம்! பொவ்வாவோ ஒரு மலையிறக்கத்தில் விழுந்து பல்லொன்றை இழந்தார். பின்னொரு நாள், கட்டியென்று நினைத்து முகவாயைப் பிதுக்க, அந்தப் பல் வெளியே வந்ததாம்.

அந்தக் கோடையில் அவர்கள் சென்ற வீதிகளும் அமைதியானவையே. பெற்றோல் இல்லை, கார் இல்லை. காரணம் போர்.

இந்த இடத்துக்கு வந்ததும் நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். நாங்கள் போய்க்கொண்டிருந்தது சோன்-லுவார் மாவட்டம். மொன்சோவும் அதே மாவட்டந்தான். அந்தக் கோடு இந்த மாவட்டத்தை அறுத்துக்கொண்டு போயிருந்தது. நாங்கள் காலையிற் கண்ட ஷலோன் ஜேர்மானியர் கையில் இருந்தது, மாலையிற் சேரவிருந்த குளூனி கோட்டுக்கு அப்பால். எங்கள் பாதை அந்தக் கோட்டைக் கடந்திருக்கத்தான் வேண்டும். எந்த இடத்தில் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

நேயர்களே, 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோல் வராமற் போனது. யாழ்தேவியும் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. நோயாளியையும் விறகையும் அரிசியையும் சைக்கிளிலேயே ஏற்றினோம். 2014 ஒக்டோபரில் புகையிரதம் திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது அந்த ஊதுகுரலைக் கேட்கவென்றே நிலையத்துக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ஆளற்ற தண்டவாளத் தடம் எனக்கு அழகாகத் தெரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது அதனாலேதான்.

தண்ணீர் எடுப்பதற்காகப் பாதையை விட்டு ஒரு சிறு கிராமத்துக்குள் இறங்கினோம். தேவாலயத்துக்கு முன்னால் முதலாம் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவுத்தூண். இப்படியொரு தூண் இல்லாத ஊர் பிரான்சில் மிக அருமை. ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வெட்டப்பட்டிருந்தது. யன்னல்கள் பல பூட்டிக் கிடந்தன. தன் வீட்டு வாசலில் அவரையின் தோலை உரித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எங்கள் போத்தல்களை வாங்கித் தண்ணீர் நிரப்பித் தந்தார். பெறாமகன் மொழிபெயர்க்க, உங்கள் ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உபசாரமாகச் சொன்னேன்.

அவர் சிரித்தார். பிறகு சொன்னவற்றைப் பெறாமகன் தமிழாக்கினான். பாண் கடை பூட்டிப் பல வருடங்களாகிவிட்டன. பிள்ளைகள் லியோனில். சிறுமியாக இருந்தபோது புகையிரதத்தில் ஷலோன் சந்தைக்குப் போய் வந்தாராம். இப்போது கார் இல்லாவிட்டால் வைத்தியரிடமும் போக முடியாது. கண்பார்வை மங்கியதால் தன்னுடைய காரை விற்றுவிட்டார். அயலவர் ஒருவர் கிழமைக்கு ஒருநாள் ஏற்றிக்கொண்டு போகிறார். "சைக்கிள்காரர் வருவது எனக்குச் சந்தோஷம். யாராவது கதவைத் தட்டுகிறீர்களே" என்றார்.

சிறு நகரங்களுக்கும் புகையிரதம் போகவேண்டுமென்று 1879இல் சட்டம் இயற்றிய நாடு அது. பின்னர் பஸ்ஸும் காரும் பெருக, கிளைப் பாதைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. கார் வந்ததால் புகையிரதம் போனது. புகையிரதம் போன தடத்தில், காரை வெறுத்து நாங்கள் சைக்கிளோடுகிறோம். கார் இல்லாத அந்தப் பெண் வீட்டு வாசலில் இருக்கிறார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதற்காக அந்த 44 கிலோமீற்றரை நான் வேண்டாமென்று சொல்வேனா? சொல்லமாட்டேன். அந்தத் தடத்தை உழுதுவிடாமலும் விற்றுவிடாமலும் முழுசாக வைத்திருக்கிறார்களே. என்றாவது யாருக்காவது மனம் மாறலாம்.

கோர்மத்தானில் மாளிகையை வெளியே நின்று பார்த்தோம். தெஸேயில் உலகெங்குமிருந்து வரும் இளைஞர்கள் கூட்டமாகப் பாடிக்கொண்டு போனார்கள். குளூனியின் பழைய மடம் 910ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது. பெரும்பகுதி இடிந்துபோய், எஞ்சிய கோபுரம் தூரத்திலிருந்தே தெரிகிறது. 1944 பெப்ரவரியில் ஜேர்மானியர் அந்த ஊரைச் சுற்றிவளைத்துப் பலரைப் பிடித்து முகாம்களுக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் மாகோன் திசையிற் போனோம். கவிஞர் லமார்த்தீன் வாழ்ந்த குன்றுகள் அப்பக்கம். அங்கே போகப் பழைய புகையிரதச் சுரங்கமொன்று இருக்கிறது, நீளம் ஏறக்குறைய 1,600 மீற்றர். குளிர்காலத்தில் உள்ளே வௌவால்கள் தூங்கும் என்பதால் அதைப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் போனது கோடை. ஆனாலும் உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. பெறாமகன் பயத்திலோ விளையாட்டிலோ மணியை அடித்தான். எதிரே, தூரத்தில், யாரோ திருப்பி அடித்தார்கள். அவர்கள் எங்களைக் கடந்து போகும்வரை இரண்டு பக்கமும் மாறிமாறி அடித்துக்கொண்டே இருந்தோம்.