ராஜகிருகம்: வீடு கட்டியவரின் நினைவு
(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒவ்வோர் ஆண்டும் இந்த நினைவு நாளில் நாம் அண்ணலைச் சட்ட மேதையாகப் பேசியிருக்கிறோம். பொருளியல் அறிஞராக, பவுத்தராக, தொழிலாளர் தலைவராகப் பேசியிருக்கிறோம். இந்த முறை அவரை ஒரு வீட்டுக்காரராகப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு தகப்பனுக்கு மகனாக, ஒரு பெண்ணுக்குக் கணவராக, பிள்ளைகளைப் பறிகொடுத்த அப்பாவாக, கடன் வாங்கி வீடு கட்டிய மனிதராக அவர் எப்படி வாழ்ந்தார் என்று பார்க்கப்போகிறோம். இது சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், புதுக்கோட்டை நகரத்தில் படிக்க வந்து வாடகைக்கு அறை தேடி அலைந்த நம் பிள்ளைகளைக் கேளுங்கள். முன்பணம் பேசி முடித்து, சாவி கைக்கு வரும் நேரத்தில், “நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?” என்று ஒரு கேள்வி வரும். பதில் சொன்ன பிறகு, “சொந்தக்காரங்க வர்றாங்களாம்ப்பா, அறை காலியில்லை” என்பார்கள். இதைக் கேட்காத மாணவர் இந்த அரங்கில் எத்தனை பேர்?

அதே கேள்வி 1917இல் பரோடாவில் அண்ணலுக்கும் வந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு, உதவித்தொகை கொடுத்த பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்ப்பதற்காக வந்து இறங்கினார். தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. மாலைக்குள் வெளியேற வேண்டும் என்றது. ஓர் இந்து நண்பரைக் கேட்டார், ஒரு கிறித்தவ நண்பரைக் கேட்டார். இருவரும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ரயிலுக்கு நேரமாகும்வரை பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்குத் திரும்பினார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதை எழுதும்போதும் கண்ணீர் இல்லாமல் அதை நினைக்க முடியவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். எழுதிய அந்த நாளில் அவருக்குச் சொந்த வீடு இருந்தது. அந்த வீடு எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் அவருடைய தந்தையிலிருந்து தொடங்க வேண்டும். ராம்ஜி சக்பால் ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பம்பாய் பரேல் பகுதியில் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த ‘சால்’ என்னும் வரிசைக் குடியிருப்பில் குடும்பத்தைக் கொண்டுவந்து வைத்தார். சமையல், படுக்கை, அடுப்பு விறகு எல்லாம் ஒரே அறை. பையன் படிக்க இடம் வேண்டும் என்பதற்காக ராம்ஜி ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். மாலையில் மகன் சீக்கிரம் தூங்கிவிட வேண்டும். தந்தை விழித்திருந்து, பின்னிரவு இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, மகன் படுத்திருந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார். விளக்கடியில் மகன் படிப்பார். கேட்ட புத்தகத்தை வாங்கித் தரக் கையில் காசில்லாதபோது, மணமாகிப் போன மகள்களிடம் நகையை இரவல் வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்கித் தந்தவர் அவர். அந்த அக்காமார்களின் நகைக்கும் நாம் நன்றி சொல்ல வேண்டும்.

1906இல் அண்ணலுக்கும் ரமாபாய்க்கும் பைகுல்லா சந்தையில் திருமணம் நடந்தது. பகல் வியாபாரம் முடிந்து கடைகள் காலியான பிறகு, இரவில், அந்தக் கொட்டகையின் அடியில். மண்டபத்துக்குக் கொடுக்கக் காசில்லை. மாப்பிள்ளைக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பியிருக்கவில்லை, பெண்ணுக்கு ஒன்பது வயது போல. இன்று நாம் எதிர்க்கிற குழந்தைத் திருமணம்தான் அது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அதன்பின் பரேலில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை கட்டிய சால் ஒன்றில் இரண்டு சிறிய அறைகள். அதில்தான் ஆண்டுக்கணக்கில் வாழ்க்கை. 1913இலிருந்து 1917 வரையிலும், மறுபடி 1920இலிருந்து 1923 வரையிலும் அண்ணல் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டுகளில் குடும்பத்தை வைத்துக் காப்பாற்றியவர் ரமாபாய். அண்ணன் ஆனந்தராவ் இறந்த பிறகு அண்ணியும் அவர் மகன் முகுந்தும் அதே குடும்பத்தில் வளர்ந்தார்கள். ‘என் பிள்ளை, உன் பிள்ளை’ என்ற பிரிவினை அந்த இரண்டு அறைக்குள் இல்லை.

அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் யஷ்வந்த் மட்டுமே பிழைத்தார். கங்காதர், ரமேஷ், மகள் இந்து, கடைசிப் பிள்ளை ராஜரத்னா, நான்கு பேரும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். ராஜரத்னா 1926இல் இறந்தபோது நண்பர் ஒருவருக்கு அண்ணல் எழுதிய கடிதம் நமக்குக் கிடைக்கிறது. பிள்ளைகள் போனதோடு வாழ்வின் சுவையே போய்விட்டது என்ற பொருளில் எழுதுகிறார். மகத் குளத்துப் போராட்டம் நடந்தது 1927 மார்ச்சில். ராஜரத்னா இறந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீரைக் கையில் அள்ளியவர் அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அப்பா. மகத் பற்றிப் படிக்கும் மாணவர்கள் இந்தத் தேதியையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டுக்கு வருவோம்.

1930களின் தொடக்கத்தில், வட்டமேசை மாநாடுகளுக்கும் 1932 செப்டம்பர் பூனா ஒப்பந்தத்துக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்த அதே காலத்தில், தாதர் இந்து காலனியில் அண்ணல் வீடு கட்டத் தொடங்கினார். வக்கீல் தொழிலில் வந்த வருமானத்தோடு கடனும் சேர்ந்துதான் அது எழுந்தது. இந்து காலனி படித்த மேல்சாதியார் நிறைந்த பகுதி. பரோடாவில் ஓர் அறை தர மறுத்தவர்களைப் போன்றவர்கள் குடியிருந்த தெரு. ஊருக்கு வெளியே ஓர் இடம் பார்த்துக்கொள்ள அவர் போகவில்லை. ஊருக்குள்ளேயே மனை வாங்கினார். பழைய மகத நாட்டின் தலைநகர், புத்தர் நடந்த ஊர், அதன் பெயரை வீட்டுக்கு வைத்தார்: ராஜகிருகம். புத்த சமயத்தைத் தழுவுவதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே வாசலில் எழுதிவிட்டார் என்று சொல்லலாம்.

அந்த வீட்டின் அமைப்பைக் கவனியுங்கள். கீழே குடும்பம், மேலே நூலகம். நாம் வீடு கட்டும்போது பூஜை அறை எந்த மூலை, சமையலறை எந்த மூலை என்று கேட்கிறோம். அவர் புத்தகத்துக்கு எவ்வளவு இடம் என்று கேட்டார். இரண்டு மணிக்கு எழுந்து அப்பா படுத்த இடத்துக்குப் பக்கத்தில் படித்த பையன், தனக்கு என்று ஒரு மாடி முழுக்கப் படிக்கும் இடம் கட்டிக்கொண்டார். வருமானத்துக்காகக் கட்டிய இன்னொரு கட்டடத்தைப் பின்னாளில் விற்றார். ராஜகிருகத்தை விற்கவில்லை.

ஆனால் ஒன்றை நேர்மையாகப் பேசியாக வேண்டும். அண்ணல் குடும்பத்துக்கு நேரம் கொடுத்தவரா? கொடுக்கவில்லை. அதை அவரே அறிந்திருந்தார், வருந்தியும் இருக்கிறார். சொந்த வீட்டுக்குக் குடிவந்த சிறிது காலத்திலேயே, 1935 மே 27 அன்று, ராஜகிருகத்தில் ரமாபாய் காலமானார். வயது 37. பண்டரிபுரம் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நம்மவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தும் கோயிலுக்கு எதற்காகப் போக வேண்டும் என்று அண்ணல் சம்மதிக்கவில்லை. கொள்கை சரிதான். அந்தத் தாயின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் நாம் நினைக்க வேண்டும். 1940இல் பாகிஸ்தான் பற்றி எழுதிய நூலை அவர் ‘ராமு’வின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். துன்பத்தைத் தன்னோடு சுமந்தவர் என்று அதில் அவரைப் போற்றுகிறார்.

இங்கே இருக்கும் ஆண் தோழர்களுக்காக இதைச் சொல்கிறோம். நாம் இயக்கம், கூட்டம், ஆர்ப்பாட்டம் என்று போகிறபோது வீட்டில் உலை வைப்பது யார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்பது யார்? அண்ணலின் தியாகம் என்று நாம் சொல்வதில் பாதி ரமாபாயின் கணக்கு. ‘குடும்பத்துக்காக வாழ்ந்தவர்’ என்று நம்மைப் பற்றி நாளைக்கு ஒருவர் பேச வேண்டுமானால், அந்தப் பாதியை இன்றைக்கே நாம் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். 1974இல் திருச்சி, தஞ்சை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவான மாவட்டம் இது. இங்கே செம்புறை மண்ணில் வானம் தோண்டுகிறவர்கள் நாம். கல் உடைப்பவர்கள், செங்கல் சுமப்பவர்கள், கரணை பிடிப்பவர்கள், சித்தாளாக மாடிப்படி ஏறி இறங்குபவர்கள் நம் வீட்டு ஆண்களும் பெண்களும்தான். ஊர்த்தெருவில் நிற்கும் எத்தனை மாடிவீடுகளின் தூக்குக்குண்டு நம் கொத்தனார்களின் கையில் தொங்கியிருக்கும்! புதுமனை புகுவிழா அன்று அதே கொத்தனார் வாசலில் நின்று வேட்டி துண்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார். அவருடைய சொந்த வீடோ, சுவர் விரிந்து கம்பி தெரியும் தொகுப்பு வீடு.

அந்தத் தொகுப்பு வீடும் சும்மா வரவில்லை. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த இடத்தைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் 1971இல் வந்தது. நம் மக்களுக்கு மனை எடுத்துக் கொடுப்பதற்கான நிலமெடுப்புச் சட்டம் 1978இல் வந்தது. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் தொடங்கியபோது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகள் ஆகியோருக்காகவே தொடங்கியது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் பல ஆண்டுப் போராட்டம் இருக்கிறது. ஆனால் மனை எங்கே ஒதுக்கப்பட்டது? பெரும்பாலும் ஊரை விட்டுத் தள்ளி, ‘காலனி’ என்ற பெயரில். அண்ணல் ஊருக்குள் மனை வாங்கினார். நமக்கு அரசே ஊருக்கு வெளியே மனை கொடுத்தது.

அப்படிக் கிடைத்த இடத்திலும் நம்மவர்கள் கொஞ்சம் நல்ல வீடு கட்டினால் அது பொறுக்கவில்லை. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி: ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. 1995 ஆகஸ்ட் 31, கொடியன்குளம்: வளைகுடாவில் உழைத்து அனுப்பிய காசில் எழுந்த வீடுகளுக்குள் காவல்துறையே புகுந்து சாமான்களை நொறுக்கியது. 2012 நவம்பர் 7, தருமபுரி நத்தம் காலனி, கொண்டம்பட்டி, அண்ணாநகர்: பெங்களூரில் கூலி வேலை செய்து சேர்த்த பொருள்களோடு 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. 2020 ஜூலை 7 அன்று ராஜகிருகத்திலேயே கண்ணாடியும் பூந்தொட்டிகளும் உடைக்கப்பட்டன. நம் மாவட்டத்திலேயே வேங்கைவயலில், 2022 டிசம்பரில், நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அடுப்பங்கரைக் குடத்து நீரையே அது எட்டியது. வீட்டின் மீது கை வைத்தால் ஒரு தலைமுறையின் சேமிப்பும் துணிவும் ஒன்றாகப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் நாம் வீட்டைச் சொந்த விஷயம் என்று ஒதுக்க முடியாது. செய்ய வேண்டிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, காகிதம். மனைப்பட்டா, வரி ரசீது, மின் இணைப்பு அட்டை இவற்றின் நகல்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். பட்டாவில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் ஆளுக்குப் பத்து வீட்டின் ஆவணங்களைப் பார்த்து, பட்டா இல்லாதவர்களுக்கு வட்டாட்சியருக்கு மனு எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, சட்டம். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், நம்மவர் குடியிருக்கும் வீட்டைத் தீ வைத்து அழிப்பதற்கு ஆயுள் தண்டனை விதிக்கும் பிரிவு இருக்கிறது. நிலத்திலிருந்தும் வீட்டிலிருந்தும் அநியாயமாக வெளியேற்றுவதும் அதில் குற்றம். புகார் எழுதும்போது அந்தப் பிரிவுகள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, புத்தகம். வீடு சிறிதாக இருக்கட்டும். ஒரு அலமாரி, ஒரு விளக்கு, பிள்ளை உட்கார ஓர் இடம், அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தும் ஓர் ஒழுங்கு. ராம்ஜி ஓர் அறையில் செய்ததை நாம் தொகுப்பு வீட்டில் செய்ய முடியாதா?

1956 டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்த அண்ணலின் உடல் விமானத்தில் பம்பாய்க்கு வந்தது. நேரே ராஜகிருகத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். பரோடாவில் இரவு தங்க இடமில்லாமல் பூங்காவில் உட்கார்ந்திருந்தவரைக் கடைசியாகப் பார்க்க லட்சக்கணக்கான மக்கள் அவர் கட்டிய வீட்டு வாசலுக்கு வந்தார்கள். இன்றைக்கும் டிசம்பர் 6 அன்று அந்தக் கதவு மக்களுக்காகத் திறந்திருக்கிறது. நம் வீட்டுக் கதவுகளையும் அப்படி வைப்போம். நகரத்தில் அறை கிடைக்காமல் ஒரு பிள்ளை நின்றால், முதலில் நம் வீட்டில் பாய் விரிப்போம். மறுநாள் காலையில் அவனுக்கு அறை மறுத்தவரைப் போய்ப் பார்ப்போம்.

ஜெய்பீம்.