கோள்களிலிருந்து வரும் கோப்புகள்

(கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் விண்வெளியைப் பற்றிப் பேச முன்வருவது உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் நான் எடுத்துக்கொண்ட பொருள் கோப்பு. ஒரு கோப்பு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஏடு குறையாமல் போய்ச் சேருவது எத்துணை அரிது என்பதை இங்குள்ள அலுவலர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு மாடியிலிருந்து அடுத்த மாடிக்கே இந்நிலை என்றால், செவ்வாயிலிருந்தும் புளூட்டோவிலிருந்தும் கோப்புகள் வருவது எங்ஙனம் என்று கேட்பது இயல்பே. வானொலி அலையில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள் என்று ஒரு வரியில் விடை கூறிவிடலாம். அனுப்புவது ஒரு செயல். வந்து சேர்ந்ததை உறுதி செய்வது வேறொரு செயல். இவ்வுரை இரண்டாவதைப் பற்றியது.

முதலில் தொலைவு. நாம் தொலைக்காட்சி காணப் பயன்படும் புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. செவ்வாய் நம்மைவிட்டு விலகிநிற்கும் காலத்தில் 36 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால் சென்றுவிடும். தொலைவு பதினாயிரம் மடங்கு கூடினால், அதே அலைபரப்பியிலிருந்து நம்மை அடையும் ஆற்றல் பத்துக் கோடியில் ஒரு பங்காகக் குறையும். இதனால்தான் தரைநிலையங்களில் பெரும் கிண்ண வடிவ ஆன்டெனாக்களை நிறுவுகிறார்கள். அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்குக் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பரா ஆகிய மூன்று இடங்களில் நிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 70 மீட்டர் விட்டமுடைய கிண்ணம் ஒன்று உண்டு. பூமி சுழன்றாலும் ஏதேனும் ஒரு நிலையத்தின் பார்வையில் விண்கலம் இருக்க வேண்டும் என்பதே மூன்று கண்டங்களில் அமைத்ததன் நோக்கம்.

தொடக்க காலத்தில் கையாண்ட வழி எளியது. 1965 ஜூலையில் மாரினர்-4 செவ்வாயைக் கடந்து சென்று 22 படங்களை நாடாவில் பதிவு செய்தது. அது வினாடிக்கு எட்டு பிட்டுக்குச் சற்று மேலான அளவிலேயே செய்தி அனுப்ப வல்லது. ஒரு படத்துக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம் பிடித்தது. வழியில் ஏதேனும் கெட்டிருந்தால் என் செய்வது என்று எல்லாப் படங்களையும் இரண்டாம் முறையும் அனுப்பினார்கள். ஐயமிருந்தால் எல்லாவற்றையும் இரட்டிப்பாகச் செய் என்னும் இம்முறை பாதுகாப்பானதுதான். ஆனால் செலவும் இரட்டிப்பு.

பூமியில் நம் கணிப்பொறிகள் வேறொரு முறையைப் பின்பற்றுகின்றன. வின்ட் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974-இல் வெளியிட்ட கருத்துகளிலிருந்து வளர்ந்தது அது. அனுப்புபவர் சிறிது அனுப்புவார். பெறுபவர் ஒப்புகை தருவார். ஒப்புகை வந்ததும் மேலும் சிறிது அனுப்புவார். அந்நாளில் நாம் பதிவு அஞ்சலோடு இணைத்து அனுப்பிய ஒப்புகை அட்டையை இது நினைவூட்டும். (அந்தப் பதிவு அஞ்சலும் 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது.) சென்னைக்கும் டில்லிக்கும் இடையே ஒப்புகை கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுவதால் காத்திருப்பு நமக்குத் தெரிவதில்லை. செவ்வாய்க்கு இதே முறையைப் பொருத்திப் பாருங்கள். செய்தி போக இருபது நிமிடம், ஒப்புகை திரும்ப இருபது நிமிடம். இம்முறையின் பழைய அமைப்பில் ஒப்புகையின்றித் தொடர்ந்து அனுப்பக்கூடிய உச்ச அளவு 65,535 பைட்டுகள். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை இவ்வளவுதான் என்றால், வழி எத்துணை அகலமானதாயினும் சராசரியில் வினாடிக்குச் சுமார் 218 பிட்டுகளே கிடைக்கும். மீதி நேரமெல்லாம் விலையுயர்ந்த ஆன்டெனா வானத்தைப் பார்த்துக்கொண்டு வாளா இருக்கும். வாய்ப்புச் செலவு என்று பாடநூலில் படிக்கிறோமே, அதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒரு பொது விடை காணப்பட்டது. விண்வெளிச் செய்தி அமைப்புகளுக்கான பன்னாட்டு ஆலோசனைக் குழு என்னும் அமைப்பு 1982-இல் தோன்றியது. பல நாடுகளின் விண்வெளி நிறுவனங்கள் கூடி, ஒருவர் விண்கலத்தின் செய்தியை மற்றவர் நிலையம் வாங்கத்தக்க பொது நெறிகளை வகுப்பது இதன் பணி. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் இதில் இடம்பெற்றுள்ளது. இக்குழு உருவாக்கிய கோப்பு ஒப்படைப்பு நெறிமுறையின் முதல் வெளியீடு 2002-இல் வந்தது.

அதன் உட்கருத்து யாதெனில், வந்தவற்றுக்கெல்லாம் ஒப்புகை கேளாதே, வராதவற்றை மட்டும் கேள் என்பதாகும். விண்கலம் முதலில் கோப்பின் பெயர், அளவு முதலிய விவரங்களை அனுப்பும். அடுத்துக் கோப்பைத் துணுக்குகளாகப் பிரித்து, எங்கும் நின்று காத்திராமல் வரிசையாக அனுப்பிக்கொண்டே போகும். ஒவ்வொரு துணுக்கின் மேலும் அது கோப்பில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்ற எண் இருக்கும். ஆகவே முன்பின்னாக வந்தாலும் குழப்பமில்லை. இறுதியில் ‘கோப்பு முடிந்தது’ என்னும் குறிப்பும், முழுக் கோப்பையும் கூட்டிக் கண்ட சரிபார்ப்புத் தொகையும் வரும். நம் கருவூலக் கணக்கில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதுகிறோம் அல்லவா, அதே வேலைதான்.

தரைநிலையம் இப்போது தன்னிடம் உள்ளதைப் பார்க்கிறது. பத்தாயிரம் துணுக்குகளில் முப்பத்தேழு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மழை பெய்திருக்கலாம், ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும்போது விட்டுப்போயிருக்கலாம். இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை இல்லை என்று ஒரு சிறு விடுபாட்டுப் பட்டியல் மேலே போகும். அந்த முப்பத்தேழு மட்டும் மீண்டும் வரும். எல்லாம் நிரம்பிச் சரிபார்ப்புத் தொகையும் ஒத்துவந்தால், ‘முடிந்தது’ என்று தரைநிலையம் சொல்லும். இடையில் விண்கலம் சும்மா இருப்பதில்லை. அடுத்தடுத்த கோப்புகளை அனுப்பிக்கொண்டிருக்கும்.

‘கோப்பு முடிந்தது’ என்னும் குறிப்பே காணாமற்போனால்? இது நல்ல கேள்வி. அதற்கு ஒப்புகை உண்டு. குறித்த காலத்துக்குள் வராவிடில் அக்குறிப்பை மீண்டும் அனுப்புவார்கள். ஆனால் விண்கலம் கோளின் பின்னால் மறைந்திருக்கும் நேரத்திலும் அந்தக் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்குமானால் வீண் குழப்பமே மிஞ்சும். ஆதலால் தொடர்பில்லாத நேரத்தில் கடிகாரத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் நெறிமுறையில் உண்டு. நீதிமன்றம் மூடியிருக்கும் நாளில் கெடு முடிந்தால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம் என்று நம் காலவரையறைச் சட்டம் கூறுவதை இங்குள்ள அலுவலர்கள் நினைவுகூரலாம்.

2004 ஆகஸ்டில் புறப்பட்டு 2011 மார்ச்சில் புதனைச் சுற்றத் தொடங்கிய மெசஞ்சர், இந்நெறிமுறையை ஆழ்விண்வெளியில் முதன்முதலாகப் பயன்படுத்திய கலங்களுள் ஒன்று. கோப்பு என்ற வடிவம் வந்ததனால் எதை முதலில் அனுப்புவது, எதைப் பின்னால் வைப்பது என்று முன்னுரிமை வகுக்கவும் முடிந்தது. திட்டமிடுபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மீண்டும் கேட்டால் மீண்டும் தர ஒருவர் இருக்க வேண்டும் என்பதே இம்முறையின் அடிப்படை. அங்ஙனம் இல்லாத நிலையும் உண்டு. 2005 ஜனவரி 14 அன்று ஐரோப்பியக் கலமான ஹைகன்ஸ், சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்கியது. மின்கலத்தின் ஆயுள் சில மணி நேரமே. அது இரு வழிகளில் செய்தி அனுப்பியது. வாங்கி வைக்க வேண்டிய காசினி கலத்தில் ஒரு வழிக்குரிய வாங்கியை இயக்கும் கட்டளை விடுபட்டுப் போயிற்று. எதிர்பார்த்த எழுநூறு படங்களில் ஏறத்தாழ 350 மட்டுமே கிடைத்தன. அறிவியல் அளவீடுகளில் பெரும்பகுதியை இரு வழிகளிலும் அனுப்பியிருந்தமையால் அவை தப்பின. அதிகப் படங்கள் வேண்டி, படங்களை மட்டும் இரு வழிகளுக்கும் பங்கிட்டிருந்தார்கள். நான் பழைய இரட்டிப்பு முறையைச் செலவு மிக்கது என்று சற்று முன் சொன்னேன். மறுமுறை கேட்க வழியில்லாத இடத்தில் அந்தச் செலவு நியாயமானதே என்று இங்குச் சேர்த்துக்கொள்கிறேன்.

நம் நாட்டு அனுபவத்துக்கு வருவோம். பெங்களூரை அடுத்த பையலாலுவில் 18 மீட்டர், 32 மீட்டர் விட்டமுடைய இரு ஆன்டெனாக்கள் சந்திரயான்-1 திட்டத்துக்காக அமைக்கப்பட்டன. 2008 அக்டோபர் 22 அன்று ஏவப்பட்ட அக்கலம் இரண்டாண்டுகள் இயங்க வேண்டியது. 2009 ஆகஸ்ட் 29 அன்று தொடர்பு அற்றுப்போயிற்று. அதற்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் தரைக்கு வந்துவிட்டன. நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகளின் தடயம் காணப்பட்டது என்ற செய்தியை உலகம் அறிந்தது 2009 செப்டம்பரில். அதாவது கலம் மௌனமான பின்னர்! அக்கலத்தில் பொருத்தப்பட்ட நாசாவின் கருவி சேகரித்த செய்தி முன்னரே தரையில் பத்திரமாக இருந்தமையால் இது கைகூடிற்று. விண்வெளிச் செலவைப் பற்றி விவாதிப்போர் ஏவூர்தியின் விலையைக் கேட்கிறார்கள். கலம் நாட்டுக்குத் தரும் பயன் முழுவதும் தரைக்கு வந்து சேர்ந்த பிட்டுகளில்தான் இருக்கிறது. ஏவுதளத்துக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்கேனும் தரைநிலையத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தபோது, செய்தி இங்கு வந்துசேரப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அந்நாளில் கான்பராவிலுள்ள நிலையமும் நமக்குத் துணை நின்றது. பொது நெறி இருந்தமையால் இது இயன்றது.

கடைசியாக ஒன்று. விண்கலத்தின் நினைவகம் சிறியது. புதியதைப் பதிய வேண்டுமெனில் பழையதை அழிக்க வேண்டும். எப்போது அழிக்கலாம்? 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவைக் கடந்தது. அங்கிருந்து ஒளி வர நாலரை மணி நேரம். அனுப்பும் வேகம் வினாடிக்கு ஓரிரு ஆயிரம் பிட்டுகள். முதன்மையானவற்றை முதலில் வாங்கிக்கொண்டு, எஞ்சியவற்றைப் பதினைந்து மாதங்கள் பொறுமையாக வாங்கினார்கள். இறுதித் துணுக்கு 2016 அக்டோபர் 25 அன்று கான்பரா வழியாக வந்து சேர்ந்தது. அன்றும் அவர்கள் அழிக்க விரையவில்லை. வந்தவை அனைத்தையும் ஒருமுறை சரிபார்த்த பின்னரே கலத்திலுள்ள பதிவகங்களைத் துடைப்பது என்று முடிவு செய்தார்கள். 2019 ஜனவரி 1 அன்று அக்கலம் அரோகோத் என்னும் சிறுபொருளைக் கடந்தபோது எடுத்த படங்கள் பதிவாவதற்கு அங்கு இடம் இருந்தது.