இரவல் வாகனமும் சொந்த உயிரும்

(சங்க அங்கத்தவர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



நம் ஊரில் துவிச்சக்கர வண்டி வைத்திருப்பவர், புறப்படுமுன் சில்லில் காற்று இருக்கிறதா, பிறேக் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொள்வார். வண்டி அவருடையது, அதன் குணமும் அவருக்குத் தெரியும். நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ, மேல்நாட்டு நகரங்களில் தெருவோரம் நிற்கும் இரவல் வாகனமாகிய மின்சார ஸ்கூட்டரைப் பற்றியாகும். கைத்தொலைபேசியினால் அதைத் திறந்து, நிமிடக் கணக்கிற்குக் கூலி கொடுத்து, நின்றபடியே ஓட்டிச் செல்லலாம். படிப்பிற்கும் தொழிலுக்குமாக அந்நகரங்களுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் பலராதலால், இது நமக்கும் உரிய விஷயமே.

2017 ஆம் ஆண்டில் கலிபோர்ணியாவிலுள்ள சந்தா மொனிக்கா நகரில் தொடங்கிய இவ்வழக்கம் விரைவிலே பல தேசங்களுக்கும் பரவிற்று. புகையில்லை, குறுந்தூரப் பயணத்திற்கு வசதி. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் அமைப்பைச் சற்றே சிந்தியுங்கள். சில்லுகளோ மிகச் சிறியவை. ஓட்டுபவரோ நிமிர்ந்து நிற்கிறார். சைக்கிளின் பெரிய சில்லு ஏறிக் கடந்துவிடும் குழியில் இச்சிறு சில்லு சிக்கி நின்றுவிடும். அப்போது மேலே நிற்பவர் தலைகுப்புற வீசப்படுவார்.

லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் இரண்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில், 2018 ஆகஸ்ட் வரையான ஓராண்டில் இவ்வாகனத்தாற் காயமுற்று வந்த 249 பேரைப் பற்றி வைத்தியர்கள் ஆராய்ந்தனர். நூற்றுக்கு 40 பேருக்குத் தலையிற் காயம். தலைக்கவசம் அணிந்திருந்ததாகப் பதிவானவர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. அதே 2018 இல் டெக்சாஸ் மாநிலத்து ஒஸ்ரின் நகரில் நடந்த ஆராய்ச்சியில், விசாரிக்கப்பட்டவர்களுள் மூன்றிலொருவர் தமது முதற் சவாரியிலேயே விழுந்தவர்.

காரணம் என்ன? இரவல் வண்டியில் ஏறுபவர், அதில் ஏறுவோம் என்று எண்ணி வீட்டை விட்டுப் புறப்படுவதில்லை. ஆகவே கையிலே தலைக்கவசம் இல்லை. முன்னர் ஓட்டியவர் அதை எங்கே மோதினார் என்பதும் தெரியாது. கூலியோ நிமிடத்திற்கு நிமிடம் ஏறுகின்றது. அவசரமும் கூடவே ஏறுகின்றது.

துன்பம் ஓட்டுபவரோடு முடிவதுமில்லை. நடைபாதையில் குறுக்கே கிடக்கும் ஸ்கூட்டர், கண்பார்வையற்றவருக்கும் முதியோருக்கும் இடறுகட்டையாகின்றது. பாரிஸ் மாநகரில் 2023 ஏப்பிரல் 2 ஆந் திகதி இதுபற்றி வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்க வந்தோர் சிலரே. ஆயினும் அவர்களுள் நூற்றுக்கு 89 பேர் வேண்டாமென்றனர். அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதியிலிருந்து வாடகை ஸ்கூட்டர்கள் அங்கு இல்லாமற் போயின.

வாலிபர்களே, ஏறவே வேண்டாமென்று நான் சொல்ல வரவில்லை. ஏறுமுன் பிறேக்கைச் சோதியுங்கள். முதற் சவாரியைச் சனநடமாட்டமில்லாத இடத்திற் பழகுங்கள். தலைக்கவசமின்றி ஏறாதீர்கள், ஒரு வண்டியில் இருவர் ஏறாதீர்கள், மது அருந்தியவர் அதைத் தொடவே வேண்டாம். இறங்கியபின் பிறர் வழியை மறிக்காமல் நிறுத்துங்கள். பெரியோர்களே, வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு பேசும்போது, "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். வண்டி இரவலாயினும் உயிர் சொந்தமல்லவா?